தெளிந்த கடலின் மேல் ஒரு சந்தேகம்

வாடையின் கொந்தளிப்பு அடங்கிச் சித்திரையும் பிறந்துவிட்டால் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கு, இதுக்கென்ன குறை?" போட்டுக்காரர் சொல்வார், விடுதிக்காரர் சொல்வார், கொழும்பிலிருந்து வந்து ஒரு நாள் தங்கிப் போகிறவரும் சொல்வார். அவர்கள் பொய் சொல்லவில்லை. கரைக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவுப் பக்கம் போட்டில் இருந்தபடியே அடியில் கிடக்கும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, எண்ணலாம் என்கிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்துதான் கிடக்கிறது. ஆனாலும் இந்தப் பதில் எனக்கு நெடுநாளாகச் செரிக்கவில்லை. கடல் நலமாக இருக்கிறதா என்ற கேள்விக்குத் தெளிவாக இருக்கிறது என்ற பதில் பொருந்துகிறதா? பொருந்தாது என்று சொல்வது எளிது. ஏன் பொருந்தாது, பிறகு எதைத்தான் பார்ப்பது என்று சொல்லத்தான் கொஞ்சம் இடம் தேவைப்படுகிறது.

தெளிவு அளக்கக்கூடிய ஒன்று. 1865இல் இத்தாலியப் பாதிரியார் அஞ்சலோ செக்கி, பாப்பரசரின் கப்பலில் இருந்து வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்த்தார். அந்த முறை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெள்ளைத் தட்டு, கீழே ஓர் ஈயக்கட்டி, அரை மீற்றருக்கு ஒரு குறியிட்ட கயிறு, இவ்வளவும் போதும். நைலோன் கயிறு வேண்டாம். நனைந்தால் இழுபடும், அளவு பிழைக்கும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், போட்டின் நிழல் விழும் பக்கத்தில், குளிர்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இறக்க வேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் தட்டு மறையாமலே தரையில் முட்டிவிடும். அப்போது அந்த ஆழத்தைத் தெளிவின் அளவாக எழுதுவது பிழை. "அடி தெரிந்தது" என்றுதான் எழுத வேண்டும். புறாமலையைச் சுற்றி வைகாசியில் எடுக்கப்படும் பல அளவுகள் இந்த வகைதான்.

இந்தத் தட்டு என்ன சொல்கிறது? தண்ணீரில் மிதக்கும் சேறு, அல்கா என்னும் நுண்ணிய பாசி, வேறு துகள்கள் எவ்வளவு வெளிச்சத்தை மறிக்கின்றன என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். கரைந்திருக்கும் பசளைச் சத்துகளான நைத்திரேற்றும் பொசுபேற்றும் அதற்குத் தெரியாது. மலசலக்குழியிலிருந்து ஊறி வந்த பற்றீரியா தெரியாது, தண்ணீரின் சூடும் தெரியாது. கலவாயும் கிளிமீனும் இல்லாமற்போனது எந்தத் தட்டுக்கும் தெரியப் போவதில்லை.

அளக்கும் காலமும் இதில் சேர்கிறது. மகாவலி ஆறு திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியார் குடாவில்தான் கடலைச் சேர்கிறது. மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீற்றர் வரும் வழியில் வயல்களைக் கடந்த தண்ணீர், கார்த்திகை மார்கழி மழையில் மண்ணையும் பசளையையும் சேர்த்துக் கொண்டுவந்து குடாவில் கொட்டும். அந்த நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கும். மேல்நீரை மட்டும் போத்தலில் மொண்டால் ஆற்றை அளப்பீர்கள்; ஆழத்து நீரை மட்டும் எடுத்தால் ஆறே வரவில்லை என்று முடிவு கட்டுவீர்கள். இரண்டு மட்டத்திலும் எடுத்து, ஒவ்வொன்றோடும் உப்புத்தன்மையை எழுதினால்தான் பொசுபேற்று எண்ணுக்குப் பொருள் உண்டு. ஆனால் மார்கழியில் போட்டை இறக்க யாரும் விரும்புவதில்லை. ஆகவே கரையோரத் திட்டங்களுக்காக எழுதப்படும் அறிக்கைகளில் ஆனி, ஆடி மாதத்து எண்களே நிறைந்து கிடக்கும். அமைதியான கடலில் ஒரே தடவை எடுத்த எண்ணை ஆண்டு முழுவதற்குமான எண்ணாக ஏற்றுக்கொள்வது, என் எண்ணத்தில், அளக்காமல் விடுவதை விட மோசம். அளக்காதபோது தெரியாது என்றாவது இருக்கும்.

பொசுபேற்று பற்றி ஓர் இடைச்செருகல். மாதிரிப் போத்தலைச் சாதாரண சலவைத்தூளில் கழுவினால், கடலில் இல்லாத பொசுபேற்று போத்தலிலிருந்தே வரும். பத்து வீத ஐதரோக்குளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பல தடவை அலசி, கடைசியில் அந்த இடத்துக் கடல்நீரிலேயே மூன்று தடவை கொப்பளித்துவிட்டு நிரப்ப வேண்டும். நிரப்பிய நீரை உடனே 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து உறையவைக்க வேண்டும். வடிக்காமல் வெயிலில் வைத்தால் போத்தலுக்குள் இருக்கும் அல்கா தன் பாட்டில் தின்றுகொண்டிருக்கும்; மாலையில் ஆய்வுகூடத்துக்குப் போகும்போது எண் குறைந்திருக்கும், எல்லாருக்கும் சந்தோசமாகவும் இருக்கும்.

கச்சான் காற்று வீசும் நாட்களில்

என் சந்தேகம் முற்றாக மறுபக்கம் திரும்பும் இடம் இதுதான். அதுவரை நினைப்பு இப்படி இருக்கலாம்: தெளிவு போதாத சான்று, ஆனால் கெட்ட சான்று அல்ல. முருகைக்கல் வெளிறும் விதத்தை விளங்கிக்கொண்ட பிறகு அந்த நினைப்பும் நிற்காது.

முருகைக்கல்லின் நிறமும் சாப்பாட்டின் பெரும்பகுதியும் அதன் தசைக்குள் வாழும் நுண்ணிய அல்காவிலிருந்து வருகின்றன. தண்ணீர் வழமையை விடச் சூடானால் அந்த அல்காவின் ஒளித்தொகுப்புத் தடுமாறுகிறது. தடுமாறும் நேரத்தில் வெளிச்சமும் கூடுதலாக விழுந்தால் பயன்படுத்த முடியாத சக்தி, கலத்தைச் சிதைக்கும் ஒட்சிசன் வகைகளாக மாறுகிறது. முருகை உயிரி அல்காவை வெளியேற்றிவிடும். வெண்மையான எலும்பு தசையினூடாகத் தெரியும். ஆக, சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் வெளிறவைக்கின்றன. இப்போது நிலாவெளியின் சித்திரை, வைகாசியை நினைத்துப் பாருங்கள். அலை இல்லை, ஆகவே மேல்நீர் கீழ்நீரோடு கலப்பதில்லை. மழை இல்லை, முகில் இல்லை. சேறு அடங்கிவிட்டதால் சூரிய ஒளி தடையின்றி அடிவரை போகிறது. கரையில் நின்று நாம் அழகு என்று கொண்டாடும் அத்தனையும், கடல் வழமையை மீறிச் சூடேறிய ஆண்டில், அடியில் இருக்கும் முருகைக்கல்லுக்கு ஆபத்தாகிறது. இதைவிடக் கொடுமை, வெளிறத் தொடங்கும் சில இனங்கள் ஊதாவும் இளநீலமுமாக மின்னும். சுற்றுலா வந்தவர் எடுக்கும் மிக அழகான படம், சாகத் தொடங்கிய முருகையின் படமாக இருக்கலாம்.

1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரைகளில் முருகைக்கற்கள் பெருமளவில் செத்தபோது திருகோணமலைப் பக்கம் பெரும்பாலும் தப்பியது. அந்தத் தப்புதலே பிறகு ஒரு நம்பிக்கையாகிவிட்டது: எங்கட கடலுக்கு ஒண்டும் ஆகாது. கடலடிப் பள்ளத்தாக்கு துறைமுகத்தின் வாய்வரை வருகிறது, குளிர்ந்த ஆழ்நீர் பக்கத்திலேயே இருக்கிறது என்று காரணமும் சொல்வார்கள். பள்ளத்தாக்கு உண்மை, நீலத் திமிங்கிலம் கரையிலிருந்து இவ்வளவு கிட்ட வருவதற்கு அந்த ஆழமும் ஒரு காரணம். ஆனால் மூன்று மீற்றர் ஆழத்தில் பாறைக்கு உட்புறம் தேங்கி நிற்கும் தண்ணீரை அது குளிர்விக்கும் என்பதற்கு உறுதி ஏது? 2024 சித்திரையில் உலகின் நான்காவது பெரும் வெளிறல் அறிவிக்கப்பட்டது. ஒரு தடவை தப்பியதை நிரந்தரக் காப்புறுதியாக எண்ணுகிற காலம் போய்விட்டது.

சூட்டைப் பின்தொடர அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா செய்மதி வழியாக ஒரு கணக்கை இலவசமாகத் தருகிறது. ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியை எடுத்துக்கொண்டு, அதைவிட ஒரு பாகையோ அதற்கு மேலோ கூடிய சூட்டை 12 வாரங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பாகை கூடுதலாக நான்கு வாரம் நின்றால் எண் 4; இரண்டு பாகை கூடுதலாக இரண்டு வாரம் நின்றாலும் 4. நான்கைத் தொட்டால் வெளிறலை எதிர்பார்க்கலாம், எட்டைத் தொட்டால் சாவையும் எதிர்பார்க்கலாம். ஆனால் செய்மதி பார்ப்பது 5 கிலோமீற்றர் சதுரங்களை, அதுவும் மேல்மட்டத்தை மட்டும். ஆகவே சிறு வெப்பநிலைப் பதிகருவி ஒன்றைப் பாறையிலேயே கட்டிவைப்பது நல்லது. முப்பது நிமிடத்துக்கு ஒரு பதிவு போதும். வெயில் நேரே விழாதபடி பாறையின் நிழற்பக்கத்தில், ஒன்றுக்கு இரண்டு பிளாஸ்ரிக் பட்டியால் கட்ட வேண்டும். ஒரு பட்டி வாடையில் அறுந்துவிடும். இறக்குமுன்னும் எடுத்த பின்னும் காய்ச்சி வடித்த நீரில் செய்த ஐஸ் குழம்பில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், அரைப் பாகை கூடியது கடலா கருவியா என்ற சண்டை முடியாது.

நிறத்தை அளக்கவும் வழி உண்டு. குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2002இல் ஒரு நிற அட்டையை உருவாக்கியது. 1 முதல் 6 வரை வெளிறிலிருந்து அடர்வுக்குப் போகும். ஒவ்வொரு முருகையிலும் மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் எண் கொடுத்து, குறைந்தது இருபது முருகைகளைப் பார்க்க வேண்டும். வளரும் நுனிகள் இயல்பாகவே வெள்ளை, அவற்றை விட்டுவிடுங்கள். அட்டையை முருகையின் பக்கத்திலேயே பிடிக்க வேண்டும், தொடக்கூடாது. தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால் தூரத்தில் பிடித்தால் நிறம் ஏமாற்றும். சராசரி இரண்டு எண் இறங்கினால் உள்ளே அல்கா கணிசமாகக் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம். நிலாவெளியில் நீந்தத் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செய்யக்கூடிய வேலை இது.

வெள்ளையாய் இருப்பதெல்லாம் சாவல்ல

புறாமலை 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. அதன் 471 ஹெக்டேயரில் பெரும்பகுதி கடல். கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான், ஆகவே பார்க்கப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. அளக்கப் போகிறவர்கள்தான் குறைவு, அளப்பவர்களிலும் பலர் ஒரே பிழையைச் செய்கிறார்கள்: வெளிறியதைச் செத்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

வெளிறிய முருகையில் தசை இன்னும் உண்டு. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய சதையும் சுருங்கி விரியும் சிறு வாய்களும் தெரியும். செத்ததில் எலும்பின் கூர் விளிம்பு மட்டும் இருக்கும், சில நாட்களிலேயே பச்சை மங்கல் படியும். வெள்ளைப் பகுதிக்கும் நிறமுள்ள பகுதிக்கும் நடுவே கூரான எல்லை இருந்தால் சூட்டைக் குற்றம் சொல்லாமல் கிளைகளின் அடியைத் தேடுங்கள். முட்கிரீட நட்சத்திர மீன் ஒளித்திருக்கும், அல்லது முருகை தின்னும் சிறு நத்தைகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். உலகெங்கும் தன்னார்வச் சுழியோடிகள் கையாளும் றீஃப் செக் முறையில் வெளிறிய முருகையை உயிருள்ள முருகையாகவே எழுத வேண்டும், வெளிறல் வீதத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டு, மூன்று கிழமை கழித்துத் திரும்பிப் போய்ப் பார்க்காமல் சாவை எழுதக்கூடாது.

அந்த முறையின் அடிப்படை எளிது. 100 மீற்றர் நாடாவை ஒரே ஆழத்தில் விரித்து, இருபது மீற்றர்த் துண்டுகள் நான்கைப் பார்ப்பார்கள், துண்டுகளுக்கு இடையில் ஐந்து மீற்றர் விடுவார்கள். ஒவ்வொரு அரை மீற்றரிலும் நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எழுதினால் மொத்தம் 160 புள்ளிகள். நேர் கீழே என்பதில்தான் கை நழுவும். கண் எப்போதும் அழகான முருகையின் பக்கம்தான் சரியும். ஒரு நூலில் சின்ன ஈயக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் அது விழுந்த இடமே புள்ளி, வாதத்துக்கு இடமில்லை. மீன் எண்ணுவது அதற்கும் முன். நாடாவை விரித்த பிறகு பதினைந்து நிமிடம் விலகி நின்று, ஐந்து மீற்றர் அகலப் பட்டைக்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். கலவாய் 30 சென்ரிமீற்றருக்கு மேல், கிளிமீன் 20க்கு மேல் என்று அளவு வரம்பு உண்டு. அந்த வரம்பில்தான் சேதி இருக்கிறது. சின்ன மீன் நிறைய இருக்கும்போது "மீனுக்குக் குறைவில்லை" என்று தோன்றும். பாறையில் வளரும் அல்காவைச் சுரண்டித் தின்று முருகைக் குஞ்சுக்கு இடம் பண்ணுவது பெரிய கிளிமீன்தான். இரவில் பாறைக்குள் தூங்கும் அதை ஈட்டியால் குத்துவது மிகச் சுலபம்.

இனி எண்ணின் நேர்மை. 160 புள்ளிகளில் 30 வீதம் உயிர்முருகை என்று வந்தால், மிகச் சாதகமாகக் கணக்கிட்டாலும் ஏழு வீதம் முன்பின்னாக இருக்கலாம். ஆகவே போன வருடம் 30, இந்த வருடம் 27 என்றால் பேச ஒன்றுமில்லை. 30 பதினைந்தானால் பேசலாம். இந்த ஊசலாட்டத்தைக் குறைக்கும் வழி ஒவ்வொரு தடவையும் அதே கோட்டுக்குத் திரும்புவது. கைக்கருவி ஜிபிஎஸ் சில மீற்றர் பிழை காட்டும், பாறையில் சில மீற்றர் என்றால் வேறு உலகம். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, செத்த பாறையில் இரும்புக் கம்பி அடித்து, திசைகாட்டிக் கோணத்தையும் அயலில் உள்ள பெரிய பாறைகளின் படங்களையும் சேர்த்து வைத்தால்தான் அடுத்த ஆண்டு இன்னொருவர் போய் அதே கோட்டைக் கண்டுபிடிப்பார்.

கூட்டிப் பிரிக்கும் ஆசை

இத்தனை எண்களும் கைக்கு வந்ததும் அதிகாரிகளுக்கு ஒரு ஆசை வரும்: எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்து, கடலுக்கு நூற்றுக்கு எழுபத்திரண்டு என்று புள்ளி போடுவது. எனக்கு இது பிடிக்காது. தெளிவுக்கு 95, ஒட்சிசனுக்கு 90, மீனுக்கு 30 என்றால் சராசரி நன்றாகவே வரும், கலவாய் மட்டும் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் கொண்டுவந்த நீர்ச் சட்டகத்தில் உயிர்சார் அளவுகளுக்கு வேறொரு விதி இருக்கிறது: எது மிக மோசமோ அதுவே முழுமைக்கும் தரம். கடுமையான விதி, அங்கேயே முறைப்பாடு உண்டு. ஆனால் விடுதிக் கழிவுநீர் விடயத்தில் அந்தக் கடுமை நமக்கு வேண்டும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கரையோரம் முழுக்க மணல். மணலில் வெட்டிய ஊறற்குழியின் அடி நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தால் கழிவு வடிபடுவதில்லை, கடலுக்கு நடந்து போகிறது. அடி பூசிய தொட்டி கட்டி, நேரத்துக்குப் பவுசர் வண்டி வைத்துக் கழிவை எடுப்பதுதான் மாற்று, செலவு கூடத்தான். இதைப் பார்க்க மலக்கழிவைக் காட்டும் பற்றீரியாக்களில் ஈ.கோலையை உப்புநீரில் நம்பக்கூடாது, அது வெயிலிலும் உப்பிலும் சீக்கிரம் சாகும். எந்தரோகொக்கசு என்னும் மற்றொன்று அதைவிடத் தாக்குப்பிடிக்கும். கிருமி நீக்கிய போத்தலை இடுப்பளவு நீரில், மேலிருந்து 30 சென்ரிமீற்றர் கீழே திறந்து நிரப்பி, இருட்டில் ஐஸில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேர்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், எடுத்த மாதிரிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து 100 மில்லிலீற்றருக்கு 40ஐத் தாண்டாவிட்டால் மிக நல்லது. அந்த எல்லை 500க்கு மேல் போனால் அந்த இடத்தில் குளிக்க விடக்கூடாது. மழை விட்ட மறுநாள் எடுங்கள். வெயில் காய்ந்த நாளில் எடுத்துத் திருப்திப்படுவது ஒரு பொழுதுபோக்கு.

அளந்து வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 செப்ரெம்பர் 3இல் 'நியூ டயமண்ட்' கப்பல் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தபோது அதற்குள் ஏறக்குறைய 270,000 தொன் மசகெண்ணெய் இருந்தது. அது கொட்டவில்லை; கொட்டியிருந்தால் கிழக்குக் கரை எதை இழந்தது என்று சொல்ல நம்மிடம் என்ன இருந்திருக்கும்? மறு ஆண்டு 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கொழும்புக்கு அப்பால் எரிந்து பிளாஸ்ரிக் மணிகளைக் கரையெங்கும் கொட்டியது. உயர் நீதிமன்றம் 2025 யூலையில் நூறு கோடி டொலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அப்படியான வழக்கில் எதிர்த்தரப்புக் கேட்கும் முதற் கேள்வி, முன்பு எப்படி இருந்தது என்பதுதான். திருகோணமலைச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளையும் துறைமுகத்தில் கப்பல்களையும் வைத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு அந்த முன்பு கட்டாயம் தேவை. மணிகளுக்கு இது செலவில்லாத வேலை: அலை ஒதுக்கிய கோட்டில் அரை மீற்றர் சதுரம், மேல் ஐந்து சென்ரிமீற்றர் மணல், 1 மில்லிமீற்றர் அரிதட்டு. மிஞ்சியதை, லீற்றருக்கு 350 கிராம் உப்புக் கரைத்த நீரில் போட்டால் பெரும்பாலான மணிகள் மிதக்கும்.

பாதுகாப்பு என்று வரும்போது சட்டத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். டைனமைட்டும் தங்கூசி வலையும் தடைசெய்யப்பட்டவைதான், தெரியாதவர் இல்லை. நாளாந்தச் சேதம் அதைவிடச் சில்லறையானது. நங்கூரத்தை முருகையில் எறிவது. நிரந்தர மிதவை கட்டினால் தீரும். நீந்தத் தெரியாதவர் களைத்து முருகைக்கல் மேல் ஏறி நிற்பது. மிதப்பு அங்கி கட்டாயமானால் பெரும்பாலும் தீரும். மீன்பாட்டுக்குப் போகிற போட்டிலிருந்து அறுந்த வலை பாறையில் சுற்றிக்கொள்வது. அதை இழுத்தால் முருகையும் சேர்ந்து உடைந்து வரும். கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், முருகை ஏற்கனவே வலையை மூடி வளர்ந்திருந்தால் அந்தத் துண்டை அப்படியே விட்டுவிட வேண்டும்.

இந்த அளவுகளையெல்லாம் எழுதும் பதிவேட்டை யார் வைத்திருப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை: ஆய்வு முடிந்ததும் ஊர் திரும்புகிறவர் அல்ல, ஒவ்வொரு நாளும் புறாமலைக்கு ஓடுகிற போட்டுக்காரர். அவருக்கு ஒரு விதியை மட்டும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தேடிப் பார்த்தும் காணவில்லை என்றால் பூச்சியம் போட வேண்டும். பார்க்கவே இல்லை என்றால் கட்டத்தில் கோடு கிழிக்க வேண்டும். கட்டத்தை வெறுமையாக விட்டால், பத்து வருடம் கழித்துப் புரட்டுகிறவருக்கு அந்த மாதம் சுறா வரவில்லையா, போட் போகவில்லையா என்று தெரியாது.